முப்பத்தெட்டாம் நிமிடத்தில் விழுந்த ‘ங்க’

“ஆடி மாதம், முதல் செவ்வாய். காலை 10.20: டாலரன்ஸ் வந்தார். 10.25: மகேஸ்வரி உட்கார்ந்தாள். 11.03: ‘ங்க’ விழுந்தது. நாற்காலி நிராகரிப்பு.”

என் நாட்குறிப்பில் இருக்கும் இந்த வரிகளைப் படித்த திருநெல்வேலி நண்பர் ஒருவர், ‘ங்க’ என்பது கூரையிலிருந்து விழுந்த ஏதோ பல்லி வகை என்று நினைத்துக்கொண்டார். வெளியூர்க்காரர், மன்னிக்கலாம். அவருக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் நாற்காலியைப் பற்றி டாலரன்ஸ் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. நாற்காலியில் டாலரன்ஸ் அளவுக்குக் குறைவாக உட்கார்ந்தவரும் யாரும் இல்லை. நான் அவரை அறிந்த நான்கு ஆண்டுகளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை.

அவர் பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு ஷாஃப்டையும் அளந்து, சொன்ன அளவுக்கு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சாயம் தொட்டு ஓரமாக வைப்பது வேலை. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அந்தத் தொழிலில் டாலரன்ஸ் என்று பெயர். சகிப்புத்தன்மை என்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. முதல் பொருளில் அவரிடம் அது கடுகளவே இருந்தது. இரண்டாம் பொருளில் அதுவும் இல்லை. பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரை கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் கணபதிப் பகுதியில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீட்டைக் காட்ட ஆள் கிடைக்காது.

இன்ஸ்பெக்‌ஷன் மேசை நின்றபடி வேலை செய்யும் மேசை. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடியும்வரை தூணோரம் நிற்பார். பந்தியில் என்ன செய்கிறார் என்று விசாரித்தேன். இலை முன்னால் உட்காராமல் பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொள்வார், கடைசியில் சமையற்கட்டில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார் என்றார்கள். அவரைச் சமையல்காரர் என்று நினைத்து, அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் கேட்டு வந்தவர்களும் உண்டு.

காலியான டவுன் பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“ஏனுங்ணா, வண்டியே காலியாக் கெடக்குது. உக்காருங்களேன்” என்று ஒருமுறை நடத்துநர் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன்.

“சீட்டு ஒசரம் பதினேழரை இஞ்சுங்க. என்ற காலு முட்டி வரைக்கும் பதினஞ்சே முக்காலுங்க. ஒண்ணே முக்கா இஞ்சு தொங்கறதுக்கு நின்னுக்கறனுங்க.”

நடத்துநர் டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனவர், அவர் இறங்கும்வரை பின்பக்கம் வரவில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம். என் மனைவி மகேஸ்வரி சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கிறவள். ஊரடங்கு காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்று ஆனது, அப்படியே நிலைத்துவிட்டது. கூடத்தின் மூலையில் என் தேக்கு மேசை, அதன் முன்னால் சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்று, முதுகுக்கு இரண்டு தலையணை. அதுதான் அவளுடைய அலுவலகம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதை இரண்டொரு முறை கவனித்ததும், நல்ல நாற்காலி வாங்குவது என்று நான் முடிவு செய்தேன்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். ஆராயாமல் எதையும் வாங்குவதில்லை. பதினொரு நாள் படித்தேன். இருபத்திரண்டு நாற்காலிகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். இடுப்புத் தாங்கல், கைப்பிடி, சாயும் கோணம், வலைத்துணியின் தரம், வாங்கியவர்களின் புகார்கள் என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். வைகாசி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை பகல் 12.40க்கு நாற்காலி வந்து இறங்கியது. கறுப்பு நிறம். தலையைச் சாய்த்துக்கொள்ளவும் வசதி இருந்தது.

“எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க.”

அன்றிலிருந்து ஐந்து வாரம் தினமும் கேட்டேன். தினமும் அதே பதில். அதை ஒவ்வொரு நாளும் குறித்தும் வைத்தேன்.

ஆனி மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மகேஸ்வரி வேலை நேரத்தில் திரையை விட்டு எழுந்து போகும் நிமிடங்கள் கூடிக்கொண்டே போகின்றன என்று அவர்களுடைய கணினி கண்டுபிடித்திருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் இது சரியாகாவிட்டால் அவள் சென்னை அலுவலகத்துக்கே வந்து வேலை செய்ய வேண்டும். எங்கள் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கு இங்கே வேலை. மகேஸ்வரி தனியாகப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும், இல்லையென்றால் பதினான்கு வருட வேலையை விட வேண்டும். அவள் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, மாங்காய் வடிவக் காந்தத்தை வைத்து ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினாள்.

நான் விடுப்பில் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை டாலரன்ஸ் வந்தது நாற்காலிக்காக அல்ல. எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் சத்தத்தில் ஏதோ குறை இருப்பது அடுத்த தெருவிலிருந்தே அவருக்குக் கேட்டிருக்கிறது. வாசலில் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தள்ளுவண்டிக் கீரைக்காரர் வந்து குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து மகேஸ்வரி கத்தினாள்.

“வேண்டாம், போ!”

டாலரன்ஸ் மோட்டாரை மறந்துவிட்டார்.

“உங்க ஊட்டு அம்மணிக்கு முதுகு நோவுதுங்க.”

“இல்லீங்ணா. புது நாற்காலிங்க. நல்லா இருக்குதுன்னு தெனமும் சொல்றாளுங்களே.”

“சொல்லுவாங்க. வாங்கிக் குடுத்தது நீங்களாச்சே. கீரைக்காரருகிட்ட ‘வேண்டாம், போ’ன்னாங்க பாருங்க, அதுதானுங்க நெசம்.”

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் பேச்சு எதுவானாலும் ‘ங்க’வில்தான் முடியும். மகேஸ்வரி திருட்டுப் பூனையை விரட்டும்போதும் “போங்க, போங்க” என்பாள். கடன் அட்டை விற்க அழைப்பவரிடம் “வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டாரா என்றும் கேட்பாள். அப்படிப்பட்டவள் கீரைக்காரரை ‘போ’ என்றது எங்கள் தெருவில் ஒரு சம்பவம்தான். அது எனக்குக் காதில் விழுந்தது; புத்தியில் விழவில்லை.

டாலரன்ஸின் கொள்கை இது: “நாற்காலி எப்படீன்னு கேட்டா நம்மூர்ல ஒருத்தரும் நெசம் சொல்லமாட்டாங்க. முள்ளு மேல உக்கார வெச்சாலும் ‘பரவால்லீங்க’ம்பாங்க. முதுகைக் கேக்கப்படாதுங்க. ‘ங்க’வைக் கேக்கோணும். நோவு ஏற ஏற அது தானா உதுந்துரும்.”

சோதனை உடனே தொடங்கியது. மகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும். டாலரன்ஸ் கதவோரம் நின்று, அவ்வப்போது நாற்காலிக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்பார்.

ஐந்தாம் நிமிடம்: “அம்மணி, மழை வருமுங்களா?”

“வருமுங்க.”

இருபதாம் நிமிடம்: “பருப்பு வெந்துருச்சுங்களா?”

“வெந்துருச்சுங்.” கடைசி எழுத்து மட்டும் உதிர்ந்திருந்தது. டாலரன்ஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முப்பதாம் நிமிடம்: “பாப்பா எத்தனாவதுங்க?”

“பிளஸ் டூ.” ஒரு பெருமூச்சுக்குப் பிறகு, “...ங்.”

முப்பத்தெட்டாம் நிமிடம்: “இன்னைக்கு என்ன கெழமைங்க?”

“ஏன், காலண்டர் கண்ணுக்குத் தெரியலையா?”

சொன்ன மறுகணமே மகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, மன்னிச்சுக்கோங்க அண்ணா!”

“மன்னிப்பு எதுக்குங்க அம்மணி? பேசுனது நீங்க இல்லீங்க. நாற்காலிங்க.”

அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். என் பதினொரு நாள் படிப்பு அத்துடன் முடிந்தது.

இருக்கையின் முன்விளிம்பு முட்டிக்குப் பின்னால் அழுத்துகிறது, கால் தரையைத் தொடவில்லை, இத்தனை நாளும் அரிசி டின்னின் மேல் காலை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன் என்று மகேஸ்வரி அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

“ஏன் சொல்லல?”

“பதினோரு நாளு படிச்சு வாங்கியிருக்கறீங்க. எப்படிங்க சொல்றது?”

டாலரன்ஸ் என் பக்கம் திரும்பினார். “ஆளை அளந்துபோட்டு நாற்காலி பாக்கோணுமுங்க. நீங்க நாற்காலியை அளந்துபோட்டு ஆளை உக்கார வெச்சுட்டீங்க.”

ஆளை அளக்கும் முறை இது. எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் இரும்பு ஸ்கேலை அவர் என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். “முட்டிக்குப் பின்னாலிருந்து தரை!” என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். நான் அளந்து “பதினஞ்சு!” என்று கத்துவேன். “முழங்கையிலிருந்து தரை!” “இருபத்து மூணே கால்!” எதிர் வீட்டில் சுவருக்குக் காரை பூசிக்கொண்டிருந்த கொத்தனார், இங்கே ஜன்னல் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்து விசாரிக்க வந்துவிட்டார். அவரிடமே ரசமட்டத்தை வாங்கி மகேஸ்வரியின் தோளில் வைக்கச் சொன்னார் டாலரன்ஸ். குமிழி இடப்பக்கம் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை மூவரும் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் ஷோரூமுக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

“இது எர்கோனாமிக் சேருங்க சார். முதுகு வலியே வராதுங்க.”

“அப்படீங்களா? உக்காருங்க.”

“நானுங்களா?”

“விக்கறவரு உக்காந்து பாக்கோணுமில்லீங்க?”

விற்பனையாளர் உட்கார்ந்தார். மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. டாலரன்ஸ் தன் கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்.

“உங்க பக்கம் யானை வருதுங்களா?”

“முந்தாநேத்துத்தானுங்க சார் வந்துச்சு. எங்க வாழையைத் தின்னுபோட்டுப் போயிருச்சுங்க.”

“எத்தனை யானைங்க?”

“மூணுங்க.”

மூன்று யானைகளையும் முப்பத்தைந்து நிமிடம் இழுத்தார். ஆணா, பெண்ணா, எந்தப் பக்கமாக வந்தன, வாழை பூவனா, நேந்திரமா, எல்லாம் கேட்டார். முடிவில் விற்பனையாளர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“யோவ், எங்க தோட்டத்துக்கு வந்த யானையைப் பத்தி உனக்கு என்னய்யா இத்தனை கேள்வி?”

டாலரன்ஸ் நாற்காலியைக் கவிழ்த்துப் பெருக்கல் குறி போட்டார். அது அன்றைக்கு ஏழாவது. மற்ற ஆறிலும் தாமே வந்து உட்கார்ந்த வாடிக்கையாளர்களைப் பேச்சுக் கொடுத்துப் பரிசோதித்திருந்தார். சத்தம் கேட்டு மேலாளர் வந்தார்.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பெரியவங்க. ஆனா இனிமே நம்ம கடைப் பக்கம் தயவு பண்ணி வந்துராதீங்க. வெயிலுக்கு மோரு குடிச்சுட்டுப் போங்க.”

நான் தலைகுனிந்து வாசல் பக்கம் திரும்பினேன். டாலரன்ஸ் நகரவில்லை.

“ஏனுங்க, நம்மள வெளிய போகச் சொல்றப்பக்கூட உங்களுக்கு ஒரு ‘ங்க’ விழலீங்களே. நீங்க உக்கார்ற நாற்காலி எங்க வாங்குனதுங்க?”

மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உக்கடத்துலீங்க. பழசுங்க.”

ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில், ஏதோ மூடிய அலுவலகத்திலிருந்து வந்த ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்தோம். கிளிப்பச்சை நிறம். ஒரு கைப்பிடியில் ரப்பர் இல்லை. என் அட்டவணையில் அதற்கு எந்தக் கட்டத்திலும் இடம் கிடைத்திருக்காது. ஆனால் பதினைந்து அங்குலத்துக்கு இறங்கியது. உட்கார்ந்தால் முட்டிக்குப் பின்னால் மூன்று விரல் இடம் விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்ததில் ‘ங்க’ ஐம்பத்திரண்டு நிமிடம் தாங்கி அதன் பிறகு விழுந்தது.

டாலரன்ஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “நாற்காலி சரிங்க. மேசைதானுங்க ரெண்டே கால் இஞ்சு ஒசரம். தோளு தூக்கிக்குது பாருங்க. காலை அறுத்துப்போடலாமுங்களா?”

என் தேக்கு மேசை. அதன்மேல்தான் நான் எழுதுவது.

“பாக்கலாமுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ‘பாக்கலாமுங்க’ என்றால் ஒருக்காலும் முடியாது என்று பொருள். பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும், நன்கொடைக்கு வந்தவர்களைப் படியிறக்கவும் அந்த ஒரு சொல்தான். இது டாலரன்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இன்ஸ்பெக்‌ஷனில் ஏற்பு, நிராகரிப்பு என்று இரண்டே கட்டங்கள். மறுக்கப்படாதது எல்லாம் ஏற்பு. மறுநாள் மாலை நூலகத்திலிருந்து திரும்பினால், ஜன்னல் விளிம்பில் நான்கு தேக்குத் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் எந்தக் கால் என்று எழுதியிருந்தது.

“பாக்கலாமுன்னு சொன்னீங்களாமா. ‘வந்ததும் பாக்கச் சொல்லுங்க’ன்னு வெச்சுட்டுப் போயிருக்காரு” என்றாள் மகேஸ்வரி.

மேசை இறங்கியதும் மடிக்கணினியின் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. என் மூன்று ஆண்டு நாட்குறிப்புகள் அதற்கு அடியில் போயின. தட்டச்சுக்குத் தனி விசைப்பலகை வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் இன்றும் மகேஸ்வரி வேலை முடிக்கும்வரை காத்திருக்கிறேன். மேசைக்கு அடியில் இப்போது என் முட்டி நுழையாது. அதனால் இதைச் சாப்பாட்டு மேசையில், சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அந்தக் கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பதினொரு நாளும் நான் அளந்தது யாரை என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் கடைசி வாரம் இறுதிச் சோதனை. காலையில் வரும் கீரைக்காரரிடம் சொல்லி, ஐந்து நாளும் மாலை ஐந்தரைக்கு வரும்படி ஏற்பாடு செய்திருந்தார் டாலரன்ஸ். எட்டு மணி நேரம் உட்கார்ந்து முடித்தவளிடமிருந்து வரும் குரலைத்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். திங்கள் முதல் வியாழன் வரை எல்லாம் சரி. வெள்ளிக்கிழமை வேலை அதிகம். மத்தியானம் சாப்பிட மட்டும்தான் அவள் எழுந்தாள். டாலரன்ஸ் வாசலில் நின்றார். கொத்தனாரும் வந்து நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜின் மேல் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது.

“அம்மணி, அரைக்கீரை மட்டும்தானுங்க இருக்குது!” என்றார் கீரைக்காரர்.

உள்ளே விசைப்பலகைத் தட்டல் நின்றது.

“அரைக்கீரையே குடுங்க! நாளைக்கு மொளக்கீரை கொண்டாருங்க!”

இரண்டு ‘ங்க’. இரண்டும் முழுசு. டாலரன்ஸ் உள்ளே போய், மகேஸ்வரியை எழுந்திருக்கச் சொல்லி, கிளிப்பச்சை நாற்காலியைக் கவிழ்த்து அடியில் பச்சைச் சாக்பீஸால் சரி போட்டார். செப்டம்பர் முதல் வாரம் வந்த மின்னஞ்சல் ஒரே வரி. வீட்டிலிருந்தே தொடரலாம் என்றது. மகேஸ்வரி ஃபிரிட்ஜிலிருந்து பழைய தாளை எடுத்துக் கிழித்தாள். மாங்காய்க் காந்தத்தை அங்கேயே விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவர் தினமும் மாலையில் வந்து, நின்றபடி காபி குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் மகேஸ்வரி சொன்னாள்:

“அண்ணா, உங்க கணக்குல ஒரு தப்பு இருக்குதுங்க. ‘ங்க’ நோவு வந்தா மட்டுமா விழுவுது? என்ற தங்கச்சிகிட்ட, கூடப் படிச்சவகிட்ட நான் எப்பங்க ‘ங்க’ போட்டேன்? சொந்தமுன்னு ஆயிட்டாலும் விழுந்துருமுங்க.”

டாலரன்ஸ் டம்ளரை மேசையில் வைத்தார். “அப்பக் கேஜே தப்புங்களா?”

அளக்கும் கருவியே தவறு என்றால் அதுவரை அளந்த எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் விதி. ஒரு வாரம் அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. எட்டாம் நாள் வாசலில் நின்று சொன்னார்: “யோசிச்சுப் பாத்தனுங்க அம்மணி. நீங்க சொல்றது சரியா இருக்குமுங்க. எனக்கு அந்த ரெண்டாவது வகை பழக்கமில்லீங்க.”

உண்மைதான். அவர் யாரிடமும் ‘ங்க’வை விட்டு நான் கேட்டதில்லை. அன்னூரில் இருக்கும் மகளிடம் போனில் பேசும்போதும் “சாப்பிட்டீங்களா கண்ணு?” என்றுதான் கேட்பார். அவர் மனைவியைப் பற்றி என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். அங்கே நாற்காலி கிடையாது.

மாசி மாதம் அவருக்கு முட்டி வலி வந்தது. மகள் வற்புறுத்தி அன்னூருக்கே வரச் சொன்னாள். ஒரு வியாழக்கிழமை மாலை காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். வண்டியில் ஏறியதும் வழக்கம்போல் கம்பியைப் பிடித்தார். மகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே நின்றபடி சொன்னாள்:

“நிக்கப்படாதுங்க அண்ணா. ஒரு மணி நேரம் ஆகுமுங்க. உக்காருங்க.”

அவர் இருக்கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். 4.39க்கு உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தேன். கால்கள் தரையைத் தொடவில்லை. ஒன்றே முக்கால் அங்குலம் இருக்கும்.

4.42க்கு வண்டி நகர்ந்தது. டாலரன்ஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“வாரேன் அம்மணி. காலைத் தொங்கப்போட்டு உக்காராத.”

இரண்டு வாக்கியம். ஒன்றில்கூட ‘ங்க’ இல்லை. மகேஸ்வரி வண்டி திரும்பி மறையும்வரை கையை இறக்கவில்லை.

அவர் உட்கார்ந்து மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. மூன்று நிமிடத்தில் யாருக்கும் முதுகு நோவு கண்டதாக என் குறிப்புகளில் எங்கும் இல்லை. ஆனாலும் அந்தப் பேருந்தின் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆகவே ‘ங்க’ விழுந்ததற்குக் காரணம் முதல் வகையா, இரண்டாம் வகையா என்பது சரிபார்க்கப்படவில்லை என்றே எழுதி வைத்திருக்கிறேன்.